குழந்தைப் பேறும் ஆண்களுக்கான சத்து மாத்திரைகளும்

மணமாகி ஓராண்டு கழிந்தும் மருமகள் கருவுறவில்லையெனில் நம் கிராமங்களில் அடுத்து நடப்பது இன்னதென யாவரும் அறிவர். முதலில் கோயில், பிறகு நேர்த்திக்கடன், விரதம், அதன்பின் பக்கத்து ஊர்ப் பாட்டியின் கைமருந்து. இவற்றால் பயன் காணாதபோது பட்டணத்து ஆஸ்பத்திரி. அங்கே அப்பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. இரண்டு ஆண்டுகள், மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிகின்றன. இத்தனைக்கும் இடையே கணவனுக்குச் செய்யப்படுவது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. மிஞ்சிப் போனால், ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி யாரோ ஒருவர் ஒரு புட்டிச் சத்து மாத்திரையையோ, ஒரு டப்பாச் சூரணத்தையோ அவன் கையில் கொடுக்கிறார். மனைவி ஓயாது சோதிக்கப்படுகிறாள். கணவனோ சோதிக்கப்படாமலே சத்தூட்டப்படுகிறான். இவ்வழக்கத்தில் உள்ள பிழையையும், அம்மாத்திரைகளில் என்ன இருக்கிறது, அவற்றால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

‘மலடி’ என்னும் கொடுஞ்சொல்லைக் கேளாத கிராமம் இல்லை. ‘மலடன்’ என்னும் சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் அதை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. மருத்துவ நூல்கள் கூறுவது வேறு. பன்னிரண்டு மாத காலம் எவ்விதத் தடுப்புமின்றி இல்லறம் நடத்தியும் கரு உண்டாகாத நிலையையே மலட்டுத்தன்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையை அடைகின்றனர் என்று அந்நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. இத்தகைய தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து, தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, கணவனிடத்தும் ஒரு குறை காணப்படுகிறது. ஆகவே, ஆணைச் சோதிக்காமல் பெண்ணை மட்டும் சோதிப்பது, இரண்டு மாடு பூட்டிய வண்டி நகராதபோது ஒரு மாட்டை மட்டும் அடிப்பதற்கு ஒப்பாகும்.

விந்தணு உருவாகும் விதம்

பல துளிக் குருதி திரண்டு ஒரு துளி விந்து ஆகிறது என்னும் நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. இந்நம்பிக்கையால் எத்தனையோ இளைஞர்கள் வீண் அச்சத்துக்கு ஆளாகிப் போலி வைத்தியர்களிடம் பொருளை இழக்கின்றனர். உண்மையில் விந்து என்பது சில சுரப்பிகளினின்று வரும் நீர்மம். அதில் நீந்தும் நுண்ணுயிர் அணுக்களே கருவை உண்டாக்குபவை. இவ்வணுக்களை 1677-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த லீவன்ஹூக் என்னும் துணி வணிகர், தாமே செய்த உருப்பெருக்கியின் வழியே கண்டார். நீர்மம் மிகுதியாக இருப்பதும், ஆண்மை குன்றாமல் இருப்பதும், அணுக்கள் இருக்கின்றன என்பதற்குச் சான்று ஆகா. நல்ல உடற்கட்டும் தாம்பத்திய வலிமையும் உடைய ஒருவரின் விந்தில் அணு ஒன்றேனும் இல்லாதிருக்கலாம். நூறு ஆண்களில் ஒருவர் அளவில் இத்தகையோர் உளர் என்பர். இதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது, உருப்பெருக்கியே காட்டவேண்டும்.

ஒரு விந்தணு விரையில் தோன்றி முதிர்வதற்குச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் அது வெளிவரும் பாதையைக் கடக்க இரண்டொரு வாரம் செல்லும். ஆக மொத்தம் மூன்று மாதம். குறுகிய காலப் பயிர் ஒன்றின் வயது என்று கொள்ளலாம். இன்று நாம் உண்பதும், புகைப்பதும், காய்ச்சலில் கிடப்பதும் மூன்று மாதத்துக்குப் பிறகே விந்தணுவில் தெரியவரும். ‘பத்தே நாளில் பலன்’ என்று விளம்பரம் செய்யும் மருந்து எதுவாயினும், அது இவ்வியற்கை விதியை அறியாதவர் எழுதியது, அல்லது அறிந்தே நம்மை ஏய்க்க எழுதியது.

துத்தநாகத்தின் கதை

ஆண்களுக்கான சத்து மாத்திரைகளின் மேலுறையைப் படித்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரக் காணலாம்: துத்தநாகம் என்னும் ஜிங்க், போலிக் அமிலம், செலினியம், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கார்னிடின், கோ-என்சைம் கியூ-10, தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைகோபீன். இவற்றுள் துத்தநாகத்தின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. ஏனெனில் மாத்திரை எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது அவ்வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

1958-ஆம் ஆண்டு. பீகார் மாநிலத்துப் பக்சரில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் ஈரான் நாட்டு ஷிராஸ் நகரில் பணியாற்றிவந்தார். அவரிடம் இருபத்தொரு வயது உழவர் ஒருவரை அழைத்துவந்தனர். பார்வைக்கு அவர் பத்து வயதுச் சிறுவனைப் போல இருந்தார். முகத்தில் மயிர் இல்லை. பிறப்புறுப்புக்கள் வளர்ச்சி பெறவில்லை. கடுமையான இரத்தசோகை வேறு. அவருடைய உணவோ, புளிக்காத மாவினால் சுட்ட ரொட்டி; அதனுடன் நாள்தோறும் அரைக் கிலோ அளவு களிமண்! அச்சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து இதே நிலையில் மேலும் சிலர் வந்தனர். இரும்புச் சத்துக் கொடுத்ததில் சோகை நீங்கியது. ஆனால் இரும்புக் குறை மட்டுமே பருவமடைதலைத் தடுத்துவிடாதே என்று பிரசாத் ஐயுற்றார். பிறகு அவர் எகிப்துக்குச் சென்று, அங்கும் இவ்வாறே வளர்ச்சி குன்றிய கிராம இளைஞர்களைச் சோதித்து, அவர்களுக்குத் துத்தநாகக் குறை உள்ளதை 1963-இல் எடுத்துக்காட்டினார். துத்தநாகம் கொடுத்தபின் அவ்விளைஞர்கள் உயரம் வளர்ந்தனர். சில திங்களில் அவர்களுடைய உறுப்புக்கள் ஆண்மக்களுக்கு உரிய வளர்ச்சியை எய்தின. மனிதனுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதையே அதுவரை பலர் ஒப்பவில்லை. அமெரிக்க நாட்டு உணவுக் குழு 1974-இல்தான் அதற்கென நாளளவு வகுத்தது.

இதே காலத்தில் நம் நாட்டு நெல் வயலிலும் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்தாற்போலப் பழுத்து வளர்ச்சி குன்றும் ‘கைரா’ நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறையே என்று பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேனே என்னும் விஞ்ஞானி 1966-இல் கண்டறிந்தார். இன்று நம் விவசாயிகள் நடவுக்கு முன் ஜிங்க் சல்பேட் இடுவதற்கு மூலம் அதுவே. இனி, நம் வாசகர்களில் எவரும் அறிந்த ஓர் உண்மையைச் சொல்லுகிறோம். துத்தநாகம் குறைந்த வயலில் ஜிங்க் சல்பேட் இட்டால் பயிர் தலையெடுக்கும். போதிய அளவு உள்ள வயலில் மேலும் ஒரு மூட்டை கொட்டினால் விளைச்சல் கூடுமா? கூடாது; பணமே விரயம். அதனால்தான் மண் பரிசோதனை என்று ஒன்று வைத்திருக்கிறோம். சத்து மாத்திரையின் நியாயமும் இவ்வளவே. குறை இருந்தால் அது குறையைத் தீர்க்கும். குறை இல்லாதவிடத்து அது வீரியத்தைப் பெருக்காது.

பெரிய ஆய்வு கூறுவது

இவ்வாறு நாம் கூறுவது வெறும் உவமையால் அன்று. விந்து நீரில் துத்தநாகம் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பன்மடங்கு இருக்கிறது. ஆதலால் துத்தநாகம் கொடுத்தால் விந்தணு பெருகும், பிள்ளையும் பிறக்கும் என்று பல ஆண்டுகள் மருத்துவர்களே நம்பினர். சிறு ஆய்வுகள் சில அதற்கு ஆதரவாகவும் இருந்தன. ஆயினும் ‘அணு எண்ணிக்கை’ ஒன்று, ‘பிறந்த குழந்தை’ மற்றொன்று. அமெரிக்காவில் பிள்ளைப் பேற்றுக்குச் சிகிச்சை நாடிவந்த 2,370 தம்பதிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். கணவர்களில் ஒரு பாதியினர்க்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. மறு பாதியினர்க்கு உருவத்தில் அதே போன்ற வெற்று மாத்திரை. எவர் எதை உண்கிறார் என்பது உண்பவர்க்கும் தெரியாது, கொடுப்பவர்க்கும் தெரியாது. முடிவு 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. சத்து மாத்திரை உண்டவர் வீடுகளில் நூற்றுக்கு 34 வீதமும், வெற்று மாத்திரை உண்டவர் வீடுகளில் நூற்றுக்கு 35 வீதமும் குழந்தைகள் பிறந்தன. விந்தணுவின் எண்ணிக்கையிலும், நகரும் திறனிலும், வடிவத்திலும் மாத்திரையால் மேம்பாடு இல்லை. வயிற்று வலி, குமட்டல், வாந்தி ஆகியவை மட்டும் சத்து மாத்திரை உண்டவர்களிடையே மிகுதியாக இருந்தன.

மற்றொரு கருத்தும் உண்டு. எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போவதைப் போல, விந்தணுவின் மேற்படலத்தில் உள்ள கொழுப்பும் பிராணவாயுவின் தாக்குதலால் கெடுகிறது. வைட்டமின் சி, ஈ, செலினியம் முதலியவை அதைத் தடுக்கும் என்பது அது. கருத்து நியாயமானதே. அணுக் குறையோ அசைவுக் குறையோ உள்ள 174 ஆண்களுக்கு இச்சத்துக்கள் யாவும் கலந்த மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்து நடத்திய ஆய்வு 2020-இல் முடிந்தது. அதிலும் சத்து மாத்திரையால் குழந்தைப் பேறு கூடவில்லை. இத்துறையில் நடந்த 90 ஆய்வுகளை, பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பற்றியவற்றை, ஒருங்கே வைத்து 2022-இல் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர் நிறுத்துப் பார்த்தனர். பயன் இருக்கலாம், ஆனால் சான்று மிக வலிமையற்றது என்பதே அவர்கள் முடிவு. அத்தொண்ணூற்றில் பன்னிரண்டே ஆய்வுகள் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதைக் கணக்கிட்டிருந்தன. பிள்ளைக்காக மருந்து வாங்குபவனுக்கு, பிள்ளை பிறந்ததா என்று பாராத ஆய்வினால் ஆவது என்ன?

அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி விதை, தண்ணீர்விட்டான் கிழங்கு, நீர்முள்ளி விதை போன்ற நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றியும் இதே நேர்மையுடன் கூறுதல் வேண்டும். இவை நெடுங்காலமாக வழங்கிவருபவை. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. அமுக்கராவைப் பற்றி 2013-இல் வெளியான நம் நாட்டு ஆய்வு ஒன்றில், அணுக் குறைவுடைய 46 ஆண்களில் 21 பேர் தொண்ணூறு நாள் அதன் வேர்ச் சத்தை உண்டனர். அவர்களுடைய அணு எண்ணிக்கை நன்கு உயர்ந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இருபத்தொரு பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் ஆகாது. துத்தநாகத்தைப் பற்றிய சிறு ஆய்வுகளும் முதலில் இப்படித்தான் இனித்தன. சித்த மருத்துவம் நாடுவோர் அரசு சித்த மருத்துவரிடம் செல்க. ஆனால் அங்கும் விந்துப் பரிசோதனைத் தாளுடன் செல்க.

வீரிய ஊசியும் விடுதி வைத்தியரும்

பயனில்லாத மாத்திரையால் பணம் போகும். அவ்வளவே என்று சிலர் எண்ணலாம். அவ்வளவே அன்று. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்பட்ட துத்தநாகத்தைத் தொடர்ந்து உண்டால், உடல் செம்புச் சத்தை ஏற்கும் ஆற்றலை இழக்கிறது. அதனால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரக்கூடும். இரண்டு மூன்று வகை மாத்திரைகளை ஒருங்கே விழுங்குபவர் தம்மையறியாமலே இவ்வெல்லையைக் கடந்துவிடுகிறார். அதைவிடக் கொடியது காலம். மனைவியின் வயது முப்பத்தைந்தைக் கடக்கக் கடக்கக் கருவுறும் வாய்ப்பு விரைந்து குறைகிறது. கணவன் பயனற்ற டப்பாக்களோடு கழிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு உண்மையில் விலை கொடுப்பவள் அவளே.

இப்போது சிற்றூர்களிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் வந்திருக்கின்றன. உடல் வளர்த்தல் நன்றே. ஆனால் தசை பெருக்குவதற்கென்று அங்கே சிலர் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் அதனை ஒத்த ஸ்டீராய்டு மாத்திரைகளையும் பற்றி எச்சரிப்பது நம் கடமை. ஆண்மைச் சுரப்பு ஆயிற்றே, அதை ஏற்றினால் விந்தணு பெருகாதா என்று தோன்றும். நிகழ்வது நேர்மாறு. வெளியிலிருந்து சுரப்பு வருவதைக் கண்ட மூளை, விரைக்கு இடும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரை தன் வேலையை நிறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் இவ்வூசியை வாரந்தோறும் செலுத்தி, ஆண்களுக்கான கருத்தடை முறையாக அதைச் சோதித்து 1990-இல் முடிவு வெளியிட்டது. ஊசி பெற்ற ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் விந்தில் ஆறு மாதத்துக்குள் அணு முற்றும் இல்லாமற் போயிற்று. பிள்ளை வேண்டும் என்பவன் கருத்தடை ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் விந்தையை என்னென்பது! நிறுத்தியபின் பெரும்பாலோர்க்கு அணுக்கள் திரும்பும். அதற்கு மாதங்கள் பல ஆகும்.

மாதம் ஒரு நாள் ஊருக்கு வந்து, விடுதி அறையில் தங்கி, ‘குழந்தையின்மை, ஆண்மைக்குறைவுக்கு உத்தரவாத சிகிச்சை’ என்று சுவரொட்டி ஒட்டும் வைத்தியர்களை நாம் அறிவோம். இவர்கள் கொடுக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று எழுதியிராது. மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தாம்பத்திய வலிமையைக் கூட்டுவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். அச்சட்டத்தின் அட்டவணையில் ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரம் செய்யலாகாத நோய்களின் வரிசையில் ‘பெண்களின் மலட்டுத்தன்மை’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆண்களின் மலட்டுத்தன்மை என்று ஒரு வரி எழுத எவருக்கும் அன்று தோன்றவில்லை.

கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகள் சட்டத்தின் பார்வையில் உணவுப் பொருள்களே, மருந்துகள் அல்ல. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை வருகின்றன. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று என்னும் வாசகமும், பதினான்கு இலக்க உரிம எண்ணும் மேலுறையில் இருத்தல் வேண்டும். வாங்குமுன் அவ்வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் முன்பக்கம் சொல்வதைச் சிறிய எழுத்தில் அவ்வாசகமே மறுப்பதைக் காண்பீர்கள்.

உணவும் வயலும்

அப்படியானால் உணவால் ஆவது ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். உண்டு. வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம் தேவை என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தது. அமெரிக்கர்க்கு 11 மில்லிகிராமே போதும் என்கின்றனர். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு? நாம் தானியத்தையே பெரிதும் நம்பி உண்பவர்கள். தானியத்தின் மேல்தோலில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஷிராஸ் உழவருக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் உண்ட களிமண் கேட்டை மிகுவித்தது. இத்தடையை நீக்கும் உபாயம் நம் பெண்மக்களின் கையிலேயே உள்ளது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் என்னும் மூன்றும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. புளித்த இட்லி மாவும், முளைகட்டிய பயறும், முந்தின நாள் கரைத்துவைத்துக் காய்ச்சிய கம்பங்கூழும் இவ்வகையில் விலையுயர்ந்த புட்டிகளுக்கு இளைத்தவை அல்ல. தீட்டிய அரிசியைக் காட்டிலும் கம்பிலும் கேழ்வரகிலும் துத்தநாகம் ஏறத்தாழ இரு மடங்கு உண்டு. எள், நிலக்கடலை, பூசணி விதை, பருப்பு வகைகள், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலும் அது நிறைந்துள்ளது. தீட்டிய அரிசிச் சோறும் ரசமுமே மூன்று வேளையும் உண்பவர்க்கு மெய்யாகவே குறை இருக்கலாம். அவர் தம் உணவைத் திருத்தினால் உடல் முழுவதுக்கும் நன்மை. முருங்கையும் நல்ல கீரையே. ஆனால் அதைப் பற்றித் திரைப்படங்களில் பேசப்படும் மகிமைகளுக்குச் சான்று இல்லை.

சேர்ப்பதைவிட விலக்குவது பெரிது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவை விந்தணுவின் எண்ணிக்கையையும் நடமாட்டத்தையும் குறைக்கின்றன. மிகுந்த மதுவும் அவ்வாறே. விரை, உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ந்த நிலையில் வேலை செய்வதற்காகவே இயற்கை அதை உடலுக்கு வெளியே அமைத்தது. செங்கற்சூளையிலும் கொதிகலன் அருகிலும் நாள் முழுதும் நிற்பவர்க்கு அக்குளிர்ச்சி கிட்டுவதில்லை.

விவசாயப் பெருமக்கள் கவனிக்கவேண்டியது பூச்சிமருந்து. வேர்ப்புழுக்களை அழிக்கும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றில், தமக்குள் எவருக்கும் குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் தாங்களே பேசிக்கொண்டதிலிருந்து 1977-இல் உண்மை வெளிப்பட்டது. அவர்களில் பலருடைய விந்தில் அணுவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அம்மருந்து அந்நாட்டில் பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. நம் அண்டையில், கேரளத்துக் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை வானிலிருந்து பல ஆண்டுகள் தெளித்தனர். அங்கு வாழ்ந்த சிறுவர்கள் பருவமடைவது தாமதப்பட்டதாக 2003-இல் வெளியான ஆய்வு கூறியது. 2011-இல் உச்சநீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. கையால் மருந்து கலக்குவதும், காற்றுக்கு எதிரே நின்று தெளிப்பதும், நனைந்த வேட்டியோடு வீடு திரும்புவதும் இன்றும் நாம் காண்பவையே. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்றுவது எந்தச் சத்து மாத்திரையையும்விட மேலான பாதுகாப்பு.

முதலில் செய்யவேண்டியது

மாத்திரையால் தீராத காரணங்கள் பல. விரைப்பையில் நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல் என்னும் நிலை, நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு உண்டு. குழந்தையில்லாத ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது காணப்படுகிறது. தேவையானவர்க்கு எளிய அறுவை சிகிச்சை பயன் தரும். விந்து வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். சிறுவயதில் விரை இறங்காமலிருந்திருக்கலாம். பருவமடைந்தபின் வந்த பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்கியிருக்கலாம். அடைபட்ட வாய்க்காலுக்கு உரம் இட்டு என்ன பயன்? ஆகவேதான், ஓராண்டு கழிந்தும் கரு உண்டாகாத தம்பதிகளில் கணவனின் விந்துப் பரிசோதனை மனைவியின் பரிசோதனையோடு உடன் நடைபெறவேண்டும் என்கிறோம். மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் பொறுத்தல் ஆகாது. பெண்ணுக்குச் செய்யப்படும் சோதனைகளோடு ஒப்பிட இது வலியற்றது, செலவு குறைந்தது. தடையாக நிற்பது நாணமே. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கூறினால், சோதனை நடைபெறும் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கிராம சுகாதாரச் செவிலியர் மனைவியிடம் பேசும்போதே கணவனுக்கும் இச்சோதனை உண்டு என்பதைக் கூறிவிட்டால், சொல்லத் தயங்கும் பெண்ணின் பாரம் பாதி குறையும்.

சோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். மருத்துவமனை கொடுக்கும் வாயகன்ற புட்டியிலேயே விந்தைச் சேகரிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரித்தால் அதில் உள்ள பொருள்கள் அணுக்களைக் கொன்றுவிடும். முதல் துளி சிந்திவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடுக. அணுக்கள் மிகுந்திருப்பது முதற் பகுதியிலேதான். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியில் வைக்காமல் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், நூற்றுக்கு 42 அணுக்களுக்கு நடமாட்டமும் இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு கீழெல்லையாகக் குறிக்கிறது. இவற்றுக்குக் குறைந்தவர்க்குப் பிள்ளை பிறக்காது என்று பொருளன்று. வாய்ப்புக் குறைவு என்றே கொள்ளவேண்டும். முடிவு சரியில்லையெனில் ஒரு முறையோடு தீர்ப்புச் செய்யாமல், சில வாரம் கழித்து மீண்டும் சோதிப்பர். அண்மையில் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

இறுதியாக ஒரு மாத்திரையைப் பற்றி. குழந்தை வேண்டி உண்ணும் சத்து மாத்திரைகளில் ஐயத்துக்கு இடமின்றிப் பயன் நிறுவப்பட்டது ஒன்று உண்டு. அது கணவனுக்கு உரியதன்று, மனைவிக்கு உரியது. போலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே உண்டால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் மூடாமல் பிறக்கும் ஊனம் பெரிதும் தடுக்கப்படுகிறது. முன்னர் அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் அவ்வூனம் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்ததை 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் அப்பகுதி மூடிவிடுவதால், கருவுற்றது தெரிந்தபின் தொடங்குவது பலருக்குத் தாமதமாகிவிடுகிறது. முன்னர் அத்தகைய குழந்தையைப் பெறாத பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கணவர் விந்துப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கச் செல்லும் அன்றே மனைவியையும் உடன் அழைத்துச் சென்று இம்மாத்திரையைக் கேட்டு வாங்கலாம்.